குறிப்பேட்டோடு வந்தவர்கள்

1889 செப்டம்பரில் சிகாகோ நகரின் ஹால்ஸ்டட் தெருவில் இருந்த ஒரு பழைய மாளிகைக்கு இரண்டு பெண்கள் குடிவந்தார்கள். ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார். இருவரும் படித்தவர்கள். ஏழைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து அவர்களுக்கு உதவ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மாளிகையைக் கட்டிய சார்லஸ் ஹல்லின் பெயரால் அந்த இடம் ‘ஹல் ஹவுஸ்’ ஆயிற்று. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துச் சிறுமிகளை அழைத்து மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் கையை நீட்டவே இல்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள். காலை 7 மணிக்குப் போனால் இரவு 9 மணிவரை வேலை. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஆறு வாரமாக இதே பாடு. மிட்டாயைக் கண்ணால் பார்க்கவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதே குளிர்காலத்தில், ஹல் ஹவுஸுக்கு வந்துபோகும் பையன்கள் மூன்று பேர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். ஒருவன் இறந்துபோனான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு வைத்திருந்தால் மூவரும் தப்பியிருப்பார்கள். முதலாளிகள் பதறிப்போவார்கள் என்று நினைத்து ஆடம்ஸ் நேரில் போனார். யாரும் பதறவில்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று பெற்றோர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஹல் ஹவுஸ் பெண்கள் குறிப்பேடும் கையுமாக அலைய ஆரம்பித்தார்கள். அமெரிக்க வரலாற்றில் 1890களிலிருந்து 1920 வரையிலான முப்பது ஆண்டுகளை ‘முற்போக்குக் காலம்’ என்று அழைக்கிறார்கள். 1880க்கும் 1920க்கும் இடையில் 2 கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் கப்பலேறி அந்த நாட்டுக்கு வந்தார்கள். தொழிற்சாலைகள் பெருத்தன, நகரங்கள் வீங்கின, சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள்தான் இந்தச் சீர்திருத்தக்காரர்கள். பத்திரிகையாளர், கல்லூரிப் பெண்கள், மருத்துவர், பாதிரியார், வக்கீல் எனப் பலதரப்பட்டவர்கள். சிறுவர் உழைப்பு, ஒண்டுக்குடித்தனம், சாராயக்கடை, பெண்களின் வேலைநேரம், தொற்றுநோய், ஊழல் கவுன்சிலர் என்று அவர்கள் கைவைக்காத இடம் குறைவு. அவர்கள் காப்பாற்ற வந்த ஆளையும் கண்டிக்க வந்த ஆளையும் தேடிப் பார்த்தால், பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான் என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

ஜேக்கப் ரீஸை எடுத்துக்கொள்ளலாம். 1870இல் டென்மார்க்கிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். தங்க இடமில்லாமல் காவல் நிலையத்து இலவசத் தங்குமறையில் இரவு கழித்தவர். பிறகு நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளர் ஆனார். மக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருட்டில் படம் எடுக்கலாம் என்ற உத்தி அப்போதுதான் வந்திருந்தது. ரீஸ் அதை எடுத்துக்கொண்டு நள்ளிரவில் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களுக்குள் நுழைந்தார். சன்னலே இல்லாத அறைகள், ஒரே தரையில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் கூலியாட்கள். வெளிச்சம் பளீரென்று அடித்ததும் திடுக்கிட்டு விழிக்கும் முகங்கள் அந்தப் படங்களில் இன்னமும் இருக்கின்றன. அனுமதி கேட்டு எடுத்தவை அல்ல அவை. ஒருமுறை பார்வையற்றவர்கள் தங்கியிருந்த அறையில் அவருடைய பொடி சுவரில் தீயைப் பற்றவைத்துவிட்டது. நல்லவேளையாக அவரே அடித்து அணைத்தார்.

1890இல் அவருடைய புத்தகம் வந்தது. மேல்தட்டு நியூயார்க் அதிர்ந்தது. மல்பெரி பெண்ட் என்ற சேரி இடிக்கப்பட்டு 1897இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1901இல் வந்த சட்டம், புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வொரு அறைக்கும் சன்னல் வேண்டும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கழிப்பறை வேண்டும் என்றது. இத்தனையும் நல்ல காரியம். ஆனால் அதே புத்தகத்தில் இத்தாலியர், யூதர், சீனர் என்று வந்தேறிகளை இனம் இனமாகப் பிரித்து, இவன் இப்படித்தான் என்று முத்திரை குத்தியிருக்கிறார் ரீஸ். சீனர்களைப் பற்றி அவர் எழுதியதை இன்று வாசிக்கக் கூசும். ஒருகாலத்தில் அவரே படுத்துக் கிடந்த காவல் நிலையத் தங்குமறைகளை 1896இல் மூட வைத்ததும் அவர்தான். அவருடைய நண்பர், அன்றைய காவல்துறை ஆணையர் தியோடர் ரூஸ்வெல்ட் அதற்கு உத்தரவிட்டார். அந்த அறைகள் நரகம் என்பது ரீஸின் அனுபவம். அங்கே ஒதுங்கியிருந்தவர்களுக்கு அந்த நரகமும் இல்லாமல் போயிற்று.

சிகாகோவுக்குத் திரும்புவோம். 1891 டிசம்பர் கடைசியில் அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி மூன்று குழந்தைகளோடு, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தவர் ஃப்ளோரன்ஸ் கெல்லி. ஹல் ஹவுஸ் கதவைத் தட்டினார், உள்ளே அழைத்துக்கொண்டார்கள். சோஷலிசச் சிந்தனையாளர் எங்கல்ஸின் புத்தகம் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர். உணர்ச்சிப் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லை, புள்ளிவிவரம்தான் அவருடைய ஆயுதம். அக்கம்பக்கத்தில் ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்குப் பரப்பில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார்கள். 18 நாட்டவர் அங்கே இருந்தார்கள். 1895இல் அந்தக் கணக்கு வண்ண வரைபடமாக அச்சானது. எந்த வீட்டில் எந்த நாட்டவர், எந்த வீட்டில் வாரச் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொரு மனையும் ஒரு நிறம்.

கெல்லியின் உழைப்பால் 1893இல் இல்லினாய் மாநிலம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தொழிற்சாலையில் வேலை பார்க்கக் கூடாது, பெண்களுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தலைமை ஆய்வாளராகக் கெல்லியையே ஆளுநர் நியமித்தார். முதலாளிகள் எதிர்த்ததில் வியப்பில்லை. அந்தத் தெருவிலேயே முணுமுணுப்பு கிளம்பியதுதான் ஹல் ஹவுஸ் எதிர்பாராதது. பிள்ளை கொண்டுவரும் சில்லறை நின்றுபோனால் வாடகைக்கு என்ன செய்வது? அப்பன் சம்பளத்தைக் கூட்டாமல் மகன் வேலையை மட்டும் தடுத்தால் அடுப்பு எப்படி எரியும்? சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் 8 மணி நேர விதியைத் தள்ளுபடி செய்தது. பெண்களின் ஒப்பந்தச் சுதந்திரத்தை அது பறிக்கிறதாம்.

உதவ வந்தவர்களுக்கு அந்தத் தெரு சொல்லிக்கொடுத்த பாடங்கள் சுவையானவை. ஹல் ஹவுஸில் ஒரு பொதுச் சமையலறை தொடங்கினார்கள். சத்துக் கணக்குப் பார்த்து, குறைந்த செலவில், அறிவியல் முறைப்படி சமைத்த உணவு. எதிர்பார்த்த அளவுக்கு வாங்க ஆள் வரவில்லை. அது சத்தானதுதான், ஆனால் எனக்குப் பிடித்ததைச் சாப்பிடத்தான் எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சாராயக்கடைக்கு மாற்றாக அழகான காபிக் கடை ஒன்றையும் திறந்தார்கள். பார்க்க வந்த ஒருவர், பீர் மட்டும் கிடைக்குமானால் நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று பாராட்டிவிட்டுப் போனார். இரண்டையும் மறைக்காமல் ஆடம்ஸே தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். தன்மேலேயே சிரிக்கத் தெரிந்த சீர்திருத்தக்காரர்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

ஆடம்ஸின் பெரிய தோல்வி ஜானி பவர்ஸ் என்ற கவுன்சிலரிடம். ஹல் ஹவுஸ் இருந்த 19ஆவது வார்டு அவருடைய கோட்டை. டிராம் கம்பெனிகளுக்கு உரிமம் வாங்கிக்கொடுத்துக் காசு பார்த்தவர் என்று பெயர். குப்பை அள்ளும் ஒப்பந்தம் வேண்டியவர்களுக்குப் போகும், குப்பை தெருவிலேயே கிடக்கும். ஆடம்ஸ் குப்பை ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். ஆனால் 1895இல் வார்டின் குப்பை ஆய்வாளர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். விடியற்காலை 6 மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளுக்குப் பின்னாலேயே போனார். ஒரு குறுகிய தெருவில் குப்பையை வெட்டி எடுத்துக்கொண்டே போனால், ஒன்றரை அடிக்குக் கீழே கல் பாவிய சாலை வந்தது! அப்படி ஒரு சாலை அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

இவ்வளவு செய்தும் தேர்தலில் பவர்ஸைத் தோற்கடிக்க முடியவில்லை. ஏன் என்று ஆடம்ஸ் 1898இல் ஒரு கட்டுரை எழுதினார். பவர்ஸ் கிறிஸ்துமஸுக்கு 6 டன் வான்கோழியும், அதுபோக நாலு டன்னுக்கு மேல் வாத்தும் விநியோகிப்பார். யாராவது கைதானால் ஜாமீன் எடுப்பார். வேலை இல்லாதவனுக்கு மாநகராட்சியில் வேலை வாங்கித் தருவார். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார், செலவுக்குக் காசில்லையென்றால் அதையும் பார்த்துக்கொள்வார். நம் ஊர் வார்டு அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அதே கட்டுரையில் ஆடம்ஸ் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஹல் ஹவுஸில் யாரோ விட்டுவிட்டுப் போன குழந்தை ஒன்று இறந்துபோயிற்று. அரசுச் செலவில் அடக்கம் செய்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். தெருவே கொதித்தது. அநாதைப் பிணமாகவா அனுப்புவது என்று வசூல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். திறமையான நிர்வாகம் வேறு, மனிதர்களின் மரியாதை வேறு என்பது பவர்ஸுக்குத் தெரிந்திருந்தது, ஆடம்ஸ் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

சிறுவர் உழைப்பில் சீர்திருத்தக்காரர்களுக்கு எதிரி தெளிவாகத் தெரிந்தான். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயதுக்குள் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். தென் மாநில நூற்பாலைகளில் பாபின் மாற்றும் பையன்கள், பென்சில்வேனியாச் சுரங்கங்களில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் பையன்கள், கண்ணாடி உலைகளில் இரவு வேலை பார்க்கும் பையன்கள். 1903 ஜூலையில் மதர் ஜோன்ஸ் என்ற தொழிற்சங்கக் கிழவி, பிலடெல்பியாவின் நூலாலைக் குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு, கோடைகால வீட்டில் இருந்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டைப் பார்க்க நடந்தே கிளம்பினார். இயந்திரத்தில் விரல் போன குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ரூஸ்வெல்ட் பார்க்க மறுத்துவிட்டார். ரீஸோடு இரவெல்லாம் சேரி சுற்றிய அதே ரூஸ்வெல்ட்.

1904இல் தேசியச் சிறுவர் உழைப்புக் குழு உருவானது. 1908இல் அது லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியரைப் புகைப்படக்காரராக வேலைக்கு அமர்த்தியது. ஆலைக்குள் நுழைய ஹைன் போடாத வேஷம் இல்லை. ஒரு நாள் பைபிள் விற்பவர், ஒரு நாள் அஞ்சலட்டை வியாபாரி, இன்னொரு நாள் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிற்கச் சொல்வார், அளவு தெரியட்டும் என்று. தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அவருக்கு மனப்பாடம். பிள்ளையின் தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணிப்பார். பைக்குள் கையை விட்டபடியே பெயர், வயது, வேலைநேரம் குறித்துக்கொள்வார். அந்தக் குழுவுக்காக 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார். ரீஸின் படங்களில் மனிதர்கள் பிடிபட்டவர்களைப் போல இருப்பார்கள். ஹைனின் படங்களில் பிள்ளைகள் நேராக நம் கண்ணைப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசம் கருவியால் வந்ததில்லை.

1916இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வைத்து வேலை வாங்கும் ஆலைகளின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. வட கரோலினாவின் சார்லட் நகரில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி, ரோலண்ட் டேகன்ஹார்ட், இதை எதிர்த்து வழக்குப் போட்டார். தன் மகன்கள் ரூபனும் ஜானும் ஆலையில் உழைத்துக் குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் உரிமையைச் சட்டம் பறிக்கிறது என்பது அவர் வாதம். வழக்குக்குப் பின்னால் ஆலை முதலாளிகளின் பணம் இருந்தது. 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் ரூபனைத் தேடிப் போனார். அவருக்கு அப்போது 20 வயது, கல்யாணமானவர், எடை 105 பவுண்டு, அதாவது 48 கிலோ. வழக்கில் ஜெயித்து என்ன கிடைத்தது என்று கேட்டார் பத்திரிகையாளர். பெரிய வக்கீல்கள் வந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எனக்கும் தம்பிக்கும் ஒரு கோகோ கோலா வாங்கிக்கொடுத்தார்கள் என்றார் ரூபன். தோற்றிருந்தால் படித்திருப்பேன் என்ற ஆதங்கமும் அந்தப் பேட்டியில் உண்டு. நாடு முழுவதும் செல்லுபடியான சிறுவர் உழைப்புத் தடை 1938இல்தான் வந்தது.

பெண் தொழிலாளர் விஷயத்தில் வெற்றி கிடைத்தது, ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஓரிகான் மாநிலத்தில் பெண்களைச் சலவையகத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். போர்ட்லாண்டில் கர்ட் முல்லர் என்பவரின் சலவையகத்தில் 1905 செப்டம்பர் 4ஆம் தேதி எம்மா காட்சர் என்ற பெண்ணை அதைவிட அதிக நேரம் வேலை வாங்கினார்கள். அன்றைக்குத் தொழிலாளர் தினம் என்பது வேடிக்கை. 10 டாலர் அபராதம். முல்லர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநிலத்துக்காக வாதிட்டவர் பாஸ்டன் வக்கீல் லூயிஸ் பிராண்டைஸ். அவருடைய மைத்துனி ஜோசபின் கோல்ட்மார்க்கும் கெல்லியின் கூட்டாளிகளும் நூலகம் நூலகமாக ஏறி மருத்துவர் அறிக்கை, ஆய்வாளர் குறிப்பு, ஐரோப்பியச் சட்டங்கள் எல்லாவற்றையும் திரட்டினார்கள். 100 பக்கங்களுக்கு மேல் நீண்ட மனுவில் சட்டவாதம் இரண்டே பக்கம், மீதியெல்லாம் வாழ்க்கைத் தகவல். 1908இல் பிராண்டைஸ் ஜெயித்தார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக வைக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். பெண் உடலால் பலவீனமானவள், தாயாகப் போகிறவள், ஆகவே அரசு பாதுகாக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரொட்டி சுடும் ஆண்களுக்கு 10 மணி நேர வரம்பு வைத்த நியூயார்க் சட்டத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. பெண் என்பதால் கிடைத்த பாதுகாப்பு, பெண் என்பதாலேயே இரவு வேலைகளிலிருந்து அவளை வெளியேற்றவும் பின்னாளில் பயன்பட்டது.

நியூயார்க்கின் சட்டைத் தையல் பெண்கள் யாரும் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கவில்லை. 1909 நவம்பர் 22ஆம் தேதி கூப்பர் யூனியன் அரங்கில் பெரிய தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் மேடையேறி, பேச்சுப் போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று இத்திஷ் மொழியில் முழங்கினார். ஏறக்குறைய 20,000 பேர் வெளியே வந்தார்கள். பல கம்பெனிகள் பணிந்தன. டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25ஆம் தேதி அங்கே தீப்பிடித்தபோது ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியப் பெண்கள். தெருவில் நின்று அதைப் பார்த்தவர்களில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலரானவர். தீக்குப் பிறகு அமைந்த விசாரணைக் குழுவின் முயற்சியால் நியூயார்க்கில் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. டிரையாங்கிளின் முதலாளிகள் இருவரையும் நீதிமன்றம் விடுவித்தது.

மதுவிலக்கைப் பற்றிப் பலரும் நிறையப் பேசிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லலாம். குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபட்ட பெண்களின் கோபம் அதில் உண்மையாகவே இருந்தது. வந்தேறிகள் மீதான வெறுப்பும் உண்மையாகவே இருந்தது. சாராயக்கடை என்பது வந்தேறித் தொழிலாளிக்குக் குடிக்கும் இடம் மட்டுமா? சம்பளக் காசோலையை மாற்றும் இடம், ஒரு பீர் வாங்கினால் இலவசச் சாப்பாடு கிடைக்கும் இடம், சங்கம் கூடும் இடம், வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இடம். 1920 ஜனவரியில் மதுவிலக்குச் சட்டம் வந்து அத்தனையும் மூடப்பட்டன. 1933 டிசம்பரில் நாடு அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1937 அக்டோபரில், ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்து பார்க்கும் பழக்கம் முதலாளிகளுக்கும் பிடித்துப்போயிற்று. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தார். அதில் ஏறக்குறையப் பாதி சம்பளம், மீதி லாபப் பங்கு. பங்கு வேண்டுமானால் கம்பெனியின் ‘சமூகவியல் துறை’ ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். வீடு சுத்தமா, சேமிப்பு இருக்கிறதா, குடிக்கிறாயா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா? பதில் சரியில்லையென்றால் பாதிக் கூலி நிற்கும். அந்த மாதத்திலேயே கிழக்கத்தியத் திருச்சபைக் கிறிஸ்துமஸுக்கு விடுப்பு எடுத்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானவர்கள் வேலையை இழந்தார்கள். ஃபோர்டின் ஆங்கிலப் பள்ளியில் பட்டமளிப்பு விழா ஒரு நாடகம்போல நடக்கும். மேடையில் பெரிய கொப்பரை. சொந்த நாட்டு உடையில் ஒரு பக்கம் ஏறி உள்ளே இறங்குவார்கள், கோட்டு சூட்டு போட்டுக் கையில் அமெரிக்கக் கொடியோடு மறுபக்கம் வெளியே வருவார்கள். அந்தக் கொப்பரைக்குள் இறங்கவும் இடம் இல்லாதவர்கள் இருந்தார்கள். 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்தியது.

பொதுச் சுகாதாரத்தின் பெயரிலும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். டைபாய்டைப் பரப்பிய மேரி மாலனின் கதை பலருக்குத் தெரியும். அவரைப் பிடித்தவர் யார் என்பது அவ்வளவாகத் தெரியாது. டாக்டர் ஜோசபின் பேக்கர் நியூயார்க்கின் குழந்தை நலத்துறைக்குத் தலைவரானவர். 1908 கோடையில் ஒரு நெருக்கமான பகுதியில், குழந்தை பிறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் செவிலியரை அனுப்பித் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். முந்தைய கோடையைவிட 1,200 குழந்தைச் சாவு குறைந்தது என்பது அவர் கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த வேலை வேறு. மேரி மாலன் ஓர் ஐரிஷ் சமையல்காரி. அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்துகொண்டிருந்தது, அவருக்கு மட்டும் நோய் இல்லை. தனக்குள் கிருமி இருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பேக்கர் போலீஸோடு போனபோது மேரி சமையல் முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார், பிறகு ஒளிந்துகொண்டார். மணிக்கணக்கில் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போகும்வரை பேக்கர் அவர்மேல் உட்கார்ந்தே போனார். மேரியை ஒரு தீவில் அடைத்தார்கள். 1910இல் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். சமையலைத் தவிர வேறு நல்ல கூலி கிடைக்கும் வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. 1915இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நோய் பரவியபோது மறுபடி பிடிபட்டார். 1938இல் இறக்கும்வரை அந்தத் தீவுதான். நகரத்தில் வேறு நோய்க்கடத்திகளும் இருந்தார்கள், அவர்கள் யாருக்கும் இந்தக் கதி நேரவில்லை.

கறுப்பின மக்களை இந்தச் சீர்திருத்தம் பெரும்பாலும் எட்டிப் பார்க்கவே இல்லை. அதைவிட மோசம், தென் மாநிலங்களில் ‘தேர்தல் சீர்திருத்தம்’ என்ற பெயரிலேயே அவர்களுடைய ஓட்டைப் பறித்தார்கள். ஊழலை ஒழிக்கிறோம் என்று எழுத்தறிவுத் தேர்வும் தேர்தல் வரியும் வந்தன. லூசியானாவில் 1896இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் 1,342. முற்போக்குவாதி என்று பெயரெடுத்த வுட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானதும், 1913இல், மத்திய அரசு அலுவலகங்களில் நிறப் பிரிவினை பரவியது.

ஐடா பி. வெல்ஸ் குறிப்பேட்டை எடுத்து இதற்கு எதிராகப் பயன்படுத்தியவர். அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த பத்திரிகையாளர். 1892இல் மெம்பிஸ் நகரில் அவருடைய நண்பர்களை ஒரு கும்பல் கொன்றது. கறுப்பர்களைக் கும்பல் கொல்வதற்குப் பெண்களைப் பலாத்காரம் செய்ததே காரணம் என்ற பேச்சு பொய் என்று எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். 1901இல் ஜேன் ஆடம்ஸ் கும்பல் கொலையைக் கண்டித்து எழுதினார். ஆனால் கொல்லப்பட்டவர்கள் அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் என்றே வாதத்துக்கு வைத்துக்கொண்டார். அதே பத்திரிகையில் வெல்ஸ் பதில் எழுதினார், மரியாதையாக, விட்டுக்கொடுக்காமல். வெள்ளையர் நடத்தும் செய்தித்தாளின் கணக்கையே எடுத்துப்போட்டு, பெரும்பாலான கொலைகளில் அந்தக் குற்றச்சாட்டே இல்லை என்று காட்டினார். ஆடம்ஸ் போன்ற ஒருவரே எண்களைப் பார்க்காமல் எழுதிய தருணம் அது. பின்னர் சிகாகோப் பள்ளிகளில் நிறப் பிரிவினை வராமல் தடுக்க இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1910இல் வெல்ஸ் ஸ்டேட் தெருவில் கறுப்பின இளைஞர்களுக்காகச் சொந்தமாக ஓர் இல்லம் திறந்தார். மற்ற இல்லங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் காலத்தின் நம்பிக்கைகள் எங்கே போய் முட்டின என்பதற்கு வர்ஜீனியாவைப் பார்க்க வேண்டும். சமூகத்தை அறிவியலால் திருத்தலாம், அதற்கு நிபுணர்களுக்கு அதிகாரம் வேண்டும் என்பது முற்போக்கு எண்ணம். ‘மனவளர்ச்சி குன்றியவர்கள்’ பிள்ளை பெறாமல் செய்துவிட்டால் ஏழ்மையும் குற்றமும் குறையும் என்று நம்பிய படித்தவர்கள் ஏராளம். 1907இல் இண்டியானா முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. 1924இல் வர்ஜீனியா தன் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கக் கேரி பக் என்ற இளம்பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அவர் வளர்ப்பு வீட்டில் இருந்தவர். அந்த வீட்டாரின் உறவுக்காரன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானார். வளர்ப்பு வீட்டார் அவரை மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் சேர்த்தார்கள், அவருடைய தாய் ஏற்கெனவே அங்கே இருந்தார். கேரிக்காக வாதாடிய வக்கீல் அந்த விடுதியின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர்.

1927 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கேரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எட்டுப் பேரில் ஒருவர், அதற்குள் நீதிபதியாகிவிட்ட லூயிஸ் பிராண்டைஸ். அக்டோபரில் கேரிக்கு அறுவை நடந்தது. பிறகு அவருடைய தங்கை டோரிஸுக்கும் நடந்தது, குடல்வால் அறுவை என்று அவரிடம் சொன்னார்கள். பிள்ளை இல்லையே என்று ஏங்கிய அவருக்கு உண்மை தெரிய ஐம்பது ஆண்டுகள் ஆயிற்று. அமெரிக்கா முழுவதும் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000க்கும் மேல். 2002இல் வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை.

சலவைக்காரப் பெண்களுக்காக நூலகம் நூலகமாகத் தகவல் திரட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த காலம் அது. கேரி வழக்கில் தேட வேண்டிய தூரமும் அதிகமில்லை. சார்லட்ஸ்வில் பள்ளிப் பதிவேட்டில் அவர் ஒழுங்காகத் தேர்ச்சி பெற்று ஆறாம் வகுப்புக்குப் போனதும், நடத்தையும் படிப்பும் மிக நன்று என்று ஆசிரியர் எழுதியதும் இருந்தன. விசாரணையில் யாரும் அதை எடுத்துக்காட்டவில்லை. அவருடைய மகள் விவியன், கைக்குழந்தையாக இருந்தபோதே ‘இயல்பாக இல்லை’ என்று சாட்சிகளால் சொல்லப்பட்டவள், பள்ளியில் முதல் வகுப்பிலேயே சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோய் வந்து இறந்தாள்.